கேட்டது நீங்கள்: ரேஞ்ச் ரோவரும் ஸ்பென் கிங்கும்

போன இதழில், 1970-ல் வந்த முதல் ரேஞ்ச் ரோவர் என்ற நான்கு சக்கர இழுவை வண்டியைப் பற்றி எழுதும்போது, அதை உருவாக்கிய இன்ஜினியர் ஸ்பென் கிங்கின் பெயரை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இங்கிலாந்தில் நான் மெக்கானிக்காக இருந்த காலத்தில் அதிகம் அடியில் படுத்து வேலை பார்த்தது அந்த வண்டிக்குத்தான். அதனால் இந்த இதழை முழுக்க அவருக்கே ஒதுக்கிவிட்டேன்.

ரேஞ்ச் ரோவரை வடிவமைத்தவர் டேவிட் பேச் என்றுதான் நான் படித்திருக்கிறேன். நீங்கள் ஸ்பென் கிங் என்கிறீர்களே, யார் சரி, அண்ணா? (வாசகர், லெஸ்டர்)

இருவருக்கும் பங்கு உண்டு தம்பி, ஆனால் சம பங்கு இல்லை. 1960-களின் நடுவில், 100 அங்குல வீல்பேஸில் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம்) ஒரு வண்டி என்று இந்த வேலையைத் தொடங்கியவர்கள் ரோவர் நிறுவனத்தின் இரண்டு இன்ஜினியர்கள்: ஸ்பென் கிங், கார்டன் பேஷ்ஃபோர்ட். சேஸிஸ் என்ற அடிச்சட்டம், குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன் மட்டுமல்ல, அந்தப் பெட்டி போன்ற உடம்பின் அடிப்படை உருவமும் அவர்கள் கையில் பிறந்ததுதான். ஸ்டைலிங் பிரிவின் தலைவரான டேவிட் பேச் அதை வாங்கி கிரில், விளக்குகள், கோடுகள் என்று செதுக்கிச் செம்மையாக்கினார். அந்தச் செதுக்கலும் சாதாரண வேலை இல்லை. 1971-ல் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இந்த வண்டியைத் தொழில்துறை வடிவமைப்புக்கு முன்மாதிரி என்று காட்சிக்கு வைத்தார்கள். ஆனால் 'வடிவமைத்தவர்' என்று ஒரே பெயர் சொல்ல வேண்டுமென்றால் நான் கிங்கின் பெயரைத்தான் சொல்வேன். பேஷ்ஃபோர்டின் பெயரை யாருமே சொல்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

ஸ்பென் கிங்கின் பின்னணி என்ன? (வாசகி, கோவென்ட்ரி)

முழுப்பெயர் சார்ல்ஸ் ஸ்பென்சர் கிங். பிறந்தது 1925. ரோவர் நிறுவனத்தை நடத்திய ஸ்பென்சர் வில்க்ஸ், மாரிஸ் வில்க்ஸ் சகோதரர்கள் இவருக்குத் தாய்மாமன்கள். மாமன் கம்பெனியில் மருமகன் சேர்ந்தால் ஊர் என்ன பேசும் என்று தெரியும். ஆனால் இவர் 1942-ல் ரோல்ஸ் ராய்ஸில் அப்ரண்டிஸாகத் தொழில் பழகிவிட்டு, 1945-ல்தான் ரோவருக்கு வந்தார். வந்த இடத்தில் கிடைத்தது கேஸ் டர்பைன் வேலை. விமான இன்ஜினின் தத்துவத்தில் ஓடும் உலகின் முதல் கார், 'ஜெட் 1', 1950-ல் வெளிவந்தது. 1952-ல் பெல்ஜியத்தின் யாபேக் நெடுஞ்சாலையில் அது மணிக்கு 152 மைல், அதாவது சுமார் 245 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுச் சாதனை படைத்தபோது ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் கிங்கேதான். தான் செய்ததைத் தானே ஓட்டிப் பார்க்கிற ஆள்.

அப்புறம் 1963-ல் 'ரோவர் 2000' என்ற கார். அது ஐரோப்பாவின் முதல் 'கார் ஆஃப் தி இயர்' விருதை வாங்கியது. ட்ரையம்ஃப் என்ற இன்னொரு கார் கம்பெனி பக்கம் போய் 'டோலமைட் ஸ்பிரிண்ட்' காரின் 16 வால்வு இன்ஜினில் வேலை செய்தார். 1976-ல் வந்த ரோவர் எஸ்டி1 காரிலும் அவர் கை உண்டு. 1985-ல் ஓய்வு பெற்றார்.

அப்படி என்ன பெரிய விஷயம் அந்த வண்டியில்? லேண்ட் ரோவரில் வசதியான சீட் போட்டால் ரேஞ்ச் ரோவர் ஆகிவிடாதா? (வாசகர், பர்மிங்காம்)

ஆகாது ஐயா. இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன்.

ரோவர் கம்பெனியின் அன்றைய லேண்ட் ரோவர், இரும்புப் பட்டைகளை அடுக்கிச் செய்த லீஃப் ஸ்பிரிங்கில் நின்றது. பட்டைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கல்லுக்கும் மேட்டுக்கும் விறைப்பாக நிற்கும். உள்ளே இருப்பவருக்கு முதுகெலும்பு எண்ணப்படும். கரடுமுரடான நிலத்தில் ரோவர் 2000 காரை ஓட்டிப் பார்த்தபோது கிங் ஒன்றைக் கவனித்தார். நீளமாக ஏறி இறங்கக்கூடிய மெத்தென்ற காயில் ஸ்பிரிங் (சுருள் வில்) இருந்ததால் அந்தக் கார் மேட்டிலும் பள்ளத்திலும் நன்றாகவே போனது. அதே குணத்தை நான்கு சக்கர இழுவை வண்டிக்குக் கொடுத்தால் என்ன? நான்கு சக்கரத்துக்கும் காயில் ஸ்பிரிங் வந்தது இப்படித்தான். பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் ஸ்பிரிங் நீண்டு அதைத் தரையோடு பிடித்து வைக்கும். தரையைத் தொடாத சக்கரத்தால் வண்டியை இழுக்க முடியாது அல்லவா?

அடுத்தது, எல்லா நேரமும் நான்கு சக்கரத்துக்கும் போகும் இழுவை. அமெரிக்க ப்யூயிக்கிடமிருந்து உரிமை வாங்கிய மூன்றரை லிட்டர் அலுமினிய வி8 இன்ஜின் பலசாலி. அத்தனை பலத்தையும் பின் ஆக்ஸில் (சக்கரங்களை இணைக்கும் அச்சு) மட்டும் தாங்க வேண்டுமென்றால் அது தடித்த, கனமான ஆக்ஸிலாக இருக்க வேண்டும். கனமான ஆக்ஸில் மேட்டில் மோதினால் வண்டியே குலுங்கும். பலத்தை முன்னும் பின்னும் பிரித்துவிட்டால் இரண்டு ஆக்ஸிலும் இலேசாக இருக்கலாம். நடுவில் ஒரு டிஃபரன்ஷியல், அதாவது முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரத் தொகுதி. சேற்றில் மாட்டினால் அதைப் பூட்டிக்கொள்ளலாம். பாருங்கள், இழுவைக்காகச் செய்தது போலத் தெரியும் ஒன்று, சொகுசுக்கும் சேர்த்தே செய்யப்பட்டது. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று சரியாகிற இந்த யோசனையை ஒவ்வொரு முறை பிரித்து மாட்டும்போதும் நான் ரசித்திருக்கிறேன். நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் வேறு. 1970-ல் இந்த வகை வண்டியில் அது அபூர்வம்.

குறை இல்லாமல் இல்லை. வெளித்தகடு பெரும்பாலும் அலுமினியம், ஆனால் உள்சட்டமும் டெயில்கேட்டும் இரும்பு. பளபளவென்று நிற்கும் வண்டியின் உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும். பழைய வண்டி வாங்க நினைப்பவர்கள் முதலில் அங்கே பாருங்கள்.

இந்த வண்டி பணக்காரர்களின் அடையாளமாகிவிட்டதில் அவருக்கு மகிழ்ச்சி இல்லையாமே, உண்மையா? (வாசகி, லண்டன்)

உண்மைதான் அம்மா. முதல் வண்டிக்குள் வினைல் சீட், ரப்பர் மேட். வயலில் வேலை முடிந்ததும் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவலாம். கதவு இரண்டே இரண்டு. நான்கு கதவு 1981-ல்தான் வந்தது. தோல் சீட்டும் மரப் பலகையும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் நகரத்துக்குள் சுற்றவும் இதுபோன்ற வண்டிகளை ஓட்டுவது முட்டாள்தனம் என்று 2004-ல் அவர் வெளிப்படையாகவே சொன்னார். பெருமைக்காக வாங்குகிறவர்களையும் விட்டுவைக்கவில்லை. தன் பெயருக்குப் புகழ் சேர்த்த வண்டியின் வாடிக்கையாளர்களையே கண்டிக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? எனக்கு அவர்மேல் மதிப்பு இரண்டு மடங்கானது அன்றைக்குத்தான்.

அவர் எப்படி இறந்தார்? அவர் செய்தவற்றை எங்கே பார்க்கலாம்? (வாசகர், ஆக்ஸ்ஃபோர்ட்)

2010 ஜூன் மாதம், வார்விக்‌ஷயரில் சைக்கிளில் போகும்போது ஒரு வேன் மோதியது. அந்தக் காயங்களால் 85 வயதில் காலமானார். ரேஞ்ச் ரோவருக்கு 40 வயது நிறைந்த அதே மாதம். அந்த வயதிலும் சைக்கிள் மிதித்தவர்.

'ஜெட் 1' லண்டன் சயின்ஸ் மியூசியத்துக்குச் சொந்தமானது. ரோவர் வண்டிகளுக்கு கேய்டனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் போங்கள். அங்கே பழைய ரேஞ்ச் ரோவர் எதையாவது பார்த்தால் பெயிண்டையும் கிரில்லையும் படம் பிடித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். கொஞ்சம் குனிந்து சக்கர வளைவுக்குள் பாருங்கள். காயில் ஸ்பிரிங் தெரியும்.