வாங்கலாமா, வேண்டாமா? கேள்வி-பதில்: ‘பாத்’ பிரச்சினைக்கு ஃபார்மட் மருந்தல்ல

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, கணினியில் ஜாவா, பைதான் என்ற நிரல் மொழிகள் ஏறாத கதை. தலைப்பில் உள்ள ‘பாத்’ என்பது, ஒரு கட்டளையை எந்தெந்த ஃபோல்டரில் தேட வேண்டும் என்று கணினி வைத்திருக்கும் பட்டியல். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கணினியில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

கல்லூரியில் ஜாவா பாடம் தொடங்கிவிட்டது. லேப்டாப்பில் ‘ஜாவா’ என்று அடித்தால் ஏதோ வருகிறது. ‘ஜாவாசி’ என்று அடித்தால் ‘அப்படி ஒரு கட்டளையே இல்லை’ என்கிறது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் விண்டோஸ் கெட்டுவிட்டது, ஃபார்மட் அடிக்க 1,200 ரூபாய் என்கிறார்கள். கொடுக்கலாமா? (மாணவி, காரைக்குடி)

கொடுக்காதீர்கள். விண்டோஸ் கெடவில்லை. ஃபார்மட் அடித்தாலும் இதே இடத்தில்தான் வந்து நிற்பீர்கள், கூடவே உங்கள் ஃபைல்களும் போயிருக்கும்.

ஜாவா ஓடுகிறது, ஜாவாசி ஓடவில்லை என்றால் காரணம் இரண்டில் ஒன்று. ஜாவா நிரல்களை ஓட்ட மட்டும் தெரிந்த ஜேஆர்இ-யைப் போட்டிருக்கிறீர்கள். நிரலை எழுதிக் கம்பைல் செய்ய, அதாவது ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்ற, ஜேடிகே வேண்டும். ஜாவாசி அதில்தான் இருக்கிறது. அல்லது ஜேடிகே இருக்கிறது, அது இருக்கும் இடம் விண்டோஸுக்குத் தெரியவில்லை.

முதலில் சி டிரைவில் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ திறந்து பாருங்கள். ‘ஜாவா’ அல்லது ‘எக்லிப்ஸ் அடோப்டியம்’ ஃபோல்டருக்குள் ‘ஜேடிகே’ என்று தொடங்கும் ஃபோல்டர் உண்டா? இல்லையென்றால் அடோப்டியம் தளத்தில் டெமுரின் ஜேடிகே 21-ஐ இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம். நிறுவும்போது ஒரு மரப்பட்டியல் வரும். அதில் ‘பாத்தில் சேர்’ என்பது தானாகவே தேர்வாகியிருக்கும். ஜேடிகே இருக்கும் இடத்தைச் சொல்லும் ‘ஜாவா ஹோம்’ அமைப்பது சிவப்புப் பெருக்கல் குறியோடு அணைந்திருக்கும். அதைச் சொடுக்கி இயக்கிவிட்டால் கீழே நான் சொல்லும் வேலை எதுவுமே இல்லை.

ஜேடிகே ஏற்கெனவே இருந்தால், ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி ‘என்விரான்மென்ட்’ என்று அடியுங்கள். ‘எடிட் த சிஸ்டம் என்விரான்மென்ட் வேரியபிள்ஸ்’ வரும். திறந்து, கீழே உள்ள ‘என்விரான்மென்ட் வேரியபிள்ஸ்’ பொத்தானை அழுத்தினால் இரண்டு பெட்டிகள்: மேலே உங்கள் கணக்குக்கு மட்டும், கீழே கணினி முழுமைக்கும். கீழ்ப் பெட்டியில் ‘நியூ’. பெயர் ஜாவா_ஹோம், நடுவில் அடிக்கோடு. மதிப்பில் ஜேடிகே ஃபோல்டர் வரைக்கும் உள்ள முழு முகவரி. மேற்கோள் குறி வேண்டாம், கடைசியில் அரைப்புள்ளி வேண்டாம். பிறகு அதே கீழ்ப் பெட்டியில் ‘பாத்’தைத் தேர்ந்து ‘எடிட்’, ‘நியூ’, %ஜாவா_ஹோம்%\பின் என்று சேர்த்து, திறந்த சன்னல் ஒவ்வொன்றிலும் ‘ஓகே’ கொடுத்து வெளியே வாருங்கள்.

இரண்டையும் கீழ்ப் பெட்டியிலேயே வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஜாவா ஹோமை மேலேயும் பாத்தைக் கீழேயும் எழுதினால், கணினியின் பாத்தை விண்டோஸ் விரிக்கும் நேரத்தில் உங்கள் கணக்கின் மாறிகள் (வேரியபிள்ஸ்) இன்னும் ஏறியிருக்காது. அந்த % குறிகள் அப்படியே நிற்கும், ஜாவாசி கிடைக்காது.

கடைசியாக, கட்டளை அடிக்கும் பழைய கறுப்புச் சன்னலை (கமாண்ட் ப்ராம்ப்ட்) மூடிவிட்டுப் புதிதாக ஒன்று திறந்து ‘ஜாவாசி -வெர்ஷன்’ அடியுங்கள். பழையதிலேயே அடித்துப் பார்த்துவிட்டு ‘சரியாகவில்லை’ என்று மறுபடி எழுதாதீர்கள். ஒரு சன்னல் திறக்கும் நொடியில் இருந்த மாறிகளைத்தான் அது வைத்திருக்கும். நீங்கள் பிறகு மாற்றியது அதற்குத் தெரியாது.

பேரன் கம்ப்யூட்டரில் ‘பாத் இல்லை’ என்று வருகிறதாம். 48,000 ரூபாய்க்குப் புதுசு வேண்டும் என்று நிற்கிறான். வாங்கித் தரவா? (பள்ளத்தூர்)

வேண்டாம் ஆச்சி. பாத்தை எந்தக் கடையிலும் விற்பதில்லை. முதல் பதிலை அவனை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

ஜேடிகே 21 போட்டேன். ஆனால் ‘ஜாவா -வெர்ஷன்’ 1.8, அதாவது பழைய ஜாவா 8 என்றே காட்டுகிறது. மூன்று முறை நீக்கிவிட்டுப் போட்டும் அப்படியே. இறக்கிய ஃபைல் போலியா? (கோட்டையூர்)

ஃபைல் நல்லதுதான். அப்பச்சி பெயரைப் பேரன்களுக்கெல்லாம் வைத்த வீட்டு முகப்பில் நின்று ‘சொக்கலிங்கம்’ என்று கூப்பிட்டால், முதல் கட்டில் இருப்பவன்தான் எழுந்து வருவான். இரண்டாம் கட்டில் இருப்பவனுக்குக் காதே எட்டாது. பாத்தும் அப்படித்தான். மேலிருந்து கீழாகத் தேடி, முதலில் கிடைக்கும் ஜாவாவை ஓட்டிவிட்டு நின்றுவிடும்.

கறுப்புச் சன்னலில் ‘வேர் ஜாவா’ என்று அடியுங்கள். பாத்தில் உள்ள ஜாவாக்கள், தேடும் வரிசையிலேயே வரும். விண்டோஸின் இன்னொரு கட்டளைச் சன்னலான பவர்ஷெல்லில் அடிப்பவர்கள் ‘வேர்.இஎக்ஸ்இ ஜாவா’ என்று முழுதாக அடிக்க வேண்டும். அங்கே வெறும் ‘வேர்’ வேறு கட்டளை. முதல் வரியில் ‘காமன் ஃபைல்ஸ், ஆரக்கிள், ஜாவா, ஜாவாபாத்’ என்று வந்தால் கள்வன் அகப்பட்டான். ஆரக்கிள் இன்ஸ்டாலர் தன் ஃபோல்டரைப் பாத்தின் தலையில் உட்காரவைத்துவிட்டுப் போகும். பாத் பட்டியலில் அந்த வரியைத் தேர்ந்து ‘மூவ் டவுன்’ கொடுத்து உங்கள் ஜேடிகே வரிக்குக் கீழே தள்ளுங்கள். உங்கள் வரி மேல் பெட்டியில் இருந்தால் இது பலிக்காது, ஏனென்றால் கணினியின் பாத் முழுவதும் முடிந்த பிறகுதான் கணக்கின் பாத் தேடப்படும். நிரல் எழுதும் விஎஸ் கோட் திறந்திருந்தால் அதன் எல்லாச் சன்னல்களையும் மூடித் திறக்க வேண்டும்.

‘பைதான்’ என்று அடித்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கிறது. காசு கட்டச் சொல்கிறார்களா? (தேவகோட்டை)

இல்லை, ஸ்டோரில் உள்ளதும் இலவசம்தான். விண்டோஸ் அந்தப் பெயரில் ஒரு போலிக் கதவை வைத்திருக்கிறது. செட்டிங்ஸ், ஆப்ஸ், அட்வான்ஸ்டு ஆப் செட்டிங்ஸ், ஆப் எக்ஸிக்யூஷன் ஏலியாசஸ் வரை போய் பைதான், பைதான்3 இரண்டையும் அணையுங்கள். பிறகு பைதான் தளத்து இன்ஸ்டாலரை மறுபடி ஓட்டி ‘மாடிஃபை’ கொடுத்து, இரண்டாம் பக்கத்தில் ‘ஆட் பைதான் டு என்விரான்மென்ட் வேரியபிள்ஸ்’ பெட்டியில் டிக் செய்யுங்கள். முதன்முறை நிறுவும்போதே முதல் பக்கத்தின் அடியில் அந்தப் பெட்டி டிக் இல்லாமல் இருந்தது. எல்லோரும் ‘இன்ஸ்டால் நவ்’வைப் பார்த்த வேகத்தில் அதைத் தாண்டிவிடுகிறார்கள்.

ஒரு வீடியோவில் சொன்னபடி ‘செட்எக்ஸ்’ கட்டளை அடித்தேன். ‘சக்ஸஸ்’ என்றுதான் வந்தது. இப்போது நிரலாளர் கருவிகளான கிட், நோட் எதுவும் ஓடவில்லை. நெட் இணைப்பைச் சோதிக்கும் ‘பிங்’ கூட இல்லை என்கிறது. (கண்டனூர்)

இந்த வீடியோக்காரர்களைப் பற்றி எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. ‘ஒரே வரி, ஒரே நிமிடம்’ என்று செட்எக்ஸ் பாத் “%பாத்%;புதிய ஃபோல்டர்” என்பதைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த வரி என்ன செய்கிறது என்று ஒருவரும் சொல்வதில்லை.

செட்எக்ஸ் 1,024 எழுத்துக்கு மேல் எழுதாது, மீதியை வெட்டிவிடும். வெட்டியதாக ஒரு எச்சரிக்கையும் போடும். அதற்கு அடுத்த வரியில் ‘சக்ஸஸ்’ என்றும் போடும். நம் ஆட்கள் இரண்டாவது வரியை மட்டும் படிப்பார்கள். இன்னொரு கேடு: %பாத்% என்பது கணினியின் பாத்தும் உங்கள் கணக்கின் பாத்தும் சேர்ந்த கலவை. அந்தக் கலவை முழுவதும் ஒரே பெட்டியில் கொட்டப்படும். கணினி முழுமைக்கும் எழுதச் சொல்லும் ‘/எம்’ கடைசியில் சேர்க்காமல் அடித்திருந்தால் கெட்டது உங்கள் கணக்குப் பாத் மட்டும். நீங்கள் ‘/எம்’ சேர்த்திருக்கிறீர்கள். பிங் இருக்கும் சிஸ்டம்32 காணாமல் போனதே சாட்சி.

மீட்க வழி உண்டு. செட்எக்ஸ் அடிப்பதற்கு முன்பே திறந்த கறுப்புச் சன்னல் ஏதாவது இன்னும் மூடாமல் இருக்கிறதா? அதில் ‘பாத்’ என்று மட்டும் அடியுங்கள். பழைய பட்டியல் முழுதாக வரும், நோட்பேடில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். கணினியை ரீஸ்டார்ட் செய்துவிட்டீர்கள் என்றால் அந்த வழி போயிற்று. அப்போது கீழ்ப் பெட்டியின் பாத்தில் இந்த நான்கையும் முதலில் திரும்ப எழுதுங்கள்: சி:\விண்டோஸ்\சிஸ்டம்32, சி:\விண்டோஸ், சி:\விண்டோஸ்\சிஸ்டம்32\டபிள்யூபெம், சி:\விண்டோஸ்\சிஸ்டம்32\விண்டோஸ்பவர்ஷெல்\வி1.0. விண்டோஸ் எழுந்துவிடும். கிட், நோட் இரண்டின் இன்ஸ்டாலரையும் மறுபடி ஓட்டினால் அவை தம் வரியைத் தாமே எழுதிக்கொள்ளும்.

இனி பாத்தில் கை வைக்குமுன் பழையதை நோட்பேடில் ஒரு நகல் எடுங்கள். பட்டியல் இருக்கும் சன்னலில் கையால் ஒரு வரி சேர்க்க அரை நிமிடம் ஆகாது. அதைச் சோம்பேறித்தனத்தால் தவிர்ப்பவருக்கு அனுதாபம் என்னிடம் கொஞ்சம்தான்.

பயிற்சி மையத்தில் சேர்ந்தபோது ‘சாஃப்ட்வேர் லைசென்ஸ் கிட்’ என்று ஒரு பென்டிரைவுக்கு 2,500 ரூபாய் வாங்கினார்கள். பைதான், ஜேடிகே, விஎஸ் கோட், கிட் எல்லாம் அதில் உண்டு. ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுப் போடச் சொல்கிறார்கள். இவை இலவசம் என்று தோழி சொல்கிறாள். (தந்தை தறி ஓட்டுகிறார், காரைக்குடி)

தோழி சொல்வது சரி. நீங்கள் சொன்ன நான்கும் அவரவர் தளத்தில் இலவசம். அந்தப் பென்டிரைவைச் செருகவே செருகாதீர்கள். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளுக்கு ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்கிறவர் உள்ளே வேறெதையோ வைத்திருக்கிறார். பென்டிரைவின் கொள்ளளவும் சந்தேகமே. அட்டையில் 64 ஜிபி என்று அச்சடித்து, 8 ஜிபி கூடக் கொள்ளாத ஒன்று என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. விற்ற இணையக் கடை இன்று முகவரியில்லாமல் போய்விட்டது.

நிறுவித் தரும் கூலியை வாங்கட்டும், உழைப்புக்குக் காசு. ‘லைசென்ஸ்’ என்று சொல்லி வாங்கினால் அது நியாயமற்ற வணிக நடைமுறை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடமளிக்கவில்லை. ரசீதின் நகலோடு, பணத்தைத் திருப்பித் தரக் கேட்டு ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, 2 ஆண்டுக்குள் போக வேண்டும். தயங்காதீர்கள். உங்களிடம் வாங்கியது போலப் பக்கத்து இருக்கைக்காரரிடமும் வாங்கியிருப்பார்கள், சேர்ந்து போங்கள்.

செகண்ட் ஹேண்ட் லேப்டாப், 9,000 ரூபாய், விண்டோஸ் 7. புதிய பைதான் ஏற மறுக்கிறது. பில் வாங்கவில்லை. கடைக்காரர் ‘விற்ற பொருள் திரும்ப வாங்கப்படாது’ என்ற போர்டைக் காட்டுகிறார். (புதுவயல்)

பைதான் 3.9 முதல் விண்டோஸ் 7-ல் ஏறாது. 3.8 ஏறும், ஆனால் அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024-லேயே நின்றுவிட்டன. எந்த விண்டோஸ் என்று பார்க்காமல், பில் கேட்காமல் 9,000 ரூபாயை எண்ணி வைத்தது எந்தக் கணக்கில் சேரும்?

இருந்தாலும் அந்தப் போர்டு உங்களைக் கட்டாது. பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் சட்டப்படி தவறு. ஆனால் பழைய விண்டோஸ் இருப்பதே குறை என்று வாதிடுவது கடினம். ‘பைதான் படிக்கத்தான் வாங்குகிறேன்’ என்று அவரிடம் சொன்னதற்கு வாட்ஸ்அப் செய்தி இருந்தால் நிலைமை வேறு. ஜிபே சீட்டும் சாட்சிதான். எதுவும் இல்லையென்றால் லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளுங்கள், பைதான் அதிலேயே வரும். பேட்டரியையும் சோதியுங்கள். ‘ஏ கிரேடு’ என்று என் தலையில் கட்டிய பழைய லேப்டாப், சார்ஜரைப் பிடுங்கினால் காப்பி ஆறும்முன் அணைந்துவிடும்.

விண்டோஸ் கணக்கின் பெயரைத் தமிழில் வைத்திருக்கிறேன். செல்போன் செயலி எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ திட்டுகிறது. (மொழிப்பற்றாளன், திருப்பத்தூர்)

பற்று இருக்கட்டும். அதன் கருவித் தொகுப்பான எஸ்டிகே-யின் ஃபோல்டர் உங்கள் கணக்குப் பெயருக்குள் உட்காருவதால்தான் வம்பு. கணக்கின் பெயரைப் பிறகு மாற்றினாலும் ஃபோல்டர் பெயர் மாறாது. சி:\ஆண்ட்ராய்டு என்று ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் ஒரு ஃபோல்டர் தொடங்கி எஸ்டிகே-யை அங்கே நிறுவுங்கள். சி மொழிக்காக எம்எஸ்ஒய்எஸ்2 போடுபவர்களுக்கும் இதே விதி.

மேக்கில், மென்பொருள்களை நிறுவித் தரும் ஹோம்ப்ரூ போட்டேன். ‘ப்ரூ’ கிடைக்கவில்லை என்கிறது. (கானாடுகாத்தான்)

நிறுவி முடித்ததும் ‘நெக்ஸ்ட் ஸ்டெப்ஸ்’ என்று சில வரிகள் வந்ததே, அவற்றை ஓட்டவில்லை. எம் வகைச் சிப் உள்ள மேக்கில் ப்ரூ இருக்குமிடம் /ஆப்ட்/ஹோம்ப்ரூ/பின். பழைய இன்டெல் மேக்குக்கான குறிப்பைப் பார்த்து /யூஎஸ்ஆர்/லோக்கல் என்று எழுதினால் பலிக்காது.

ஜாவா ஹோமில் ‘பின்’ ஃபோல்டர் வரை சரியாகக் கொடுத்தும், ஜாவா நிரல்களைத் தொகுக்கும் மேவன் ‘ஜாவா ஹோம் சரியில்லை’ என்கிறது. (குன்றக்குடி)

‘பின்’னை எடுங்கள்.