நீக்கிவிட்டுத் தொலைபேசியில் பேசுங்கள்: வாட்ஸ்அப் குழு அட்மின்களுக்கான கேள்வி பதில்

எங்கள் பகுதிக் குடியிருப்போர் குழுவை 2017-இல் தொடங்கியபோது அதில் 38 பேர் இருந்தார்கள். இன்று 640 பேர். அதோடு பள்ளித் தோழிகளின் குழுவும் சொந்தக்காரர்களின் குழுவும் என் பொறுப்பில் இருக்கின்றன. குழுக்களுக்குள் வந்து விழும் விளம்பரக் குப்பை (ஸ்பேம்), மோசடிச் செய்தி, வதந்தி, சண்டை பற்றி எதுவானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

வணக்கம் அம்மா. யாரென்றே தெரியாத எண்கள் எங்கள் குழுவில் சேர்ந்து, "வீட்டிலிருந்தபடியே தினமும் 3000 ரூபாய்" என்று போடுகின்றன. நீக்க நீக்க வேறு எண்ணில் வருகிறார்கள். எப்படித் தடுப்பது? (குடியிருப்புச் சங்கச் செயலாளர், தாம்பரம்)

வாசல் திறந்து கிடக்கிறது, அதனால் வருகிறார்கள். உங்கள் குழுவில் சேர்வதற்கான லிங்க் எங்கோ வெளியே இருக்கிறது. யாராவது அதை ஃபேஸ்புக்கில் போட்டிருக்கலாம், லிஃப்ட் சுவரில் ஒட்டியிருக்கலாம். 2020 பிப்ரவரியில் இப்படிப் பொதுவெளியில் போடப்பட்ட குழு லிங்க்குகள் கூகுள் தேடலிலேயே வரிசையாக வந்து நின்றன. ஆகவே முதல் வேலையாகப் பழைய லிங்க்கை ரத்து செய்து புதியது எடுங்கள். அடுத்து, புதிய உறுப்பினர்களை அட்மின் ஒப்புதல் தந்த பிறகே சேர்க்கும் அமைப்பை இயக்குங்கள். நான் சேரக் கேட்பவரிடம் கதவு எண்ணும் வீட்டு உரிமையாளர் பெயரும் கேட்பேன். உண்மையான குடித்தனக்காரர் அரை நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவார். மோசடிக்காரர் பதிலே தர மாட்டார்.

பல அட்மின்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஆளை வெளியேற்றினாலும் அவர் போட்ட செய்தி குழுவிலேயே கிடக்கும். அதனால் முதலில் அந்த எண்ணைப் புகார் செய்யுங்கள். அப்போது அது அனுப்பிய கடைசி ஐந்து செய்திகள் வாட்ஸ்அப் நிறுவனத்துக்குப் போகும். பிறகு செய்தியை எல்லோருக்குமாக அழியுங்கள். கடைசியில் ஆளை நீக்குங்கள்.

அந்த 3000 ரூபாய்ச் செய்தி வெறும் தொல்லை என்று விட்டுவிடாதீர்கள். முதல் நாள் யூடியூப் வீடியோவுக்கு லைக் போடச் சொல்லி 150 ரூபாய் உண்மையாகவே அனுப்புவார்கள். அந்த நம்பிக்கையில் டெலிகிராமுக்கு அழைத்துப்போய், "முன்பணம் கட்டினால் பெரிய வேலை" என்று ஆயிரத்தில் ஆரம்பித்து லட்சத்தில் முடிப்பார்கள். வேலை தேடிக்கொண்டிருக்கும் பிள்ளை உங்கள் குழுவில் யாரென்று உங்களுக்குத் தெரியாது. அந்தச் செய்தி பத்து நிமிடம் குழுவில் கிடந்தாலே ஒருவர் தொட்டுவிடுவார்.

அக்கா, எங்கள் பெரியப்பா எண்ணிலிருந்து "போக்குவரத்து அபராதம்" என்று ஒரு ஏபிகே கோப்பு சொந்தக்காரர் குழுவுக்கு வந்தது. அவருக்குக் கோப்பு அனுப்பவே தெரியாது. அவரை நீக்கினால் மரியாதைக் குறைவு ஆகாதா? (தென்காசி)

நீக்குங்கள் தம்பி, உடனே நீக்குங்கள். ஆனால் கூடவே அவருக்குத் தொலைபேசியில் பேசுங்கள். இது எங்கள் வீட்டிலேயே நடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, அத்தையின் எண்ணிலிருந்து "கல்யாணப் பத்திரிகை" என்று ஒரு கோப்பு வந்தது. தை மாதம், வீட்டுக்கு வீடு பத்திரிகை வரும் நேரம். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கோப்பின் பெயர் ஏபிகே என்று முடிந்திருந்தது. பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோதான் வரும். ஏபிகே என்றால் அது போனில் நிறுவப்படும் செயலி. நான் அதை அழித்துவிட்டு அத்தையை அழைத்தேன். "இரண்டு நாளாகப் போன் அடுப்பு மாதிரி சுடுகிறது, சார்ஜரில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன்" என்றார். பக்கத்து வீட்டு அம்மா எண்ணிலிருந்து வந்த இதே கோப்பை அவர் திறந்திருக்கிறார். உள்ளே புகுந்த செயலி அவருடைய குறுஞ்செய்திகளைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறது. வங்கி அனுப்பும் ஓடிபி குறுஞ்செய்தியில்தானே வருகிறது?

இன்டர்நெட்டை அணைக்கச் சொன்னேன். மாமாவின் போனிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கினோம். 12,000 ரூபாய் போயிருந்தது. உடனே 1930-க்கு அழைத்தோம். சைபர் நிதி மோசடிக்கான உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, பணம் கைமாறிப் போவதற்கு முன் நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு. பிறகு போனை முழுவதும் அழித்துப் புதிதாக அமைத்து, வாட்ஸ்அப்பில் ஆறு இலக்க இரட்டைச் சரிபார்ப்புப் பின் எண்ணையும் போட்டுக் கொடுத்தோம்.

அன்று குழுவில் நான் எழுதியது இதுதான்: "அத்தையின் போனில் கோளாறு. சரியானதும் சேர்க்கிறேன். கோப்பைத் தொட்டவர்கள் என்னைத் தனியாக அழையுங்கள், யாரிடமும் சொல்ல மாட்டேன்." அரை மணி நேரத்தில் இரண்டு பேர் அழைத்தார்கள். ஒருவர் கல்லூரியில் பாடம் நடத்துபவர். "அத்தை ஏமாந்துவிட்டார்" என்று எழுதியிருந்தால் அந்த இருவரும் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். பெரியப்பாவின் மரியாதையைக் காப்பாற்ற வேண்டும் என்று நீங்கள் நினைப்பது சரி. அதற்கு வழி அந்தக் கோப்பை அங்கேயே விட்டுவைப்பது அல்ல.

தினமும் குட்மார்னிங் படங்கள். இதுவும் ஸ்பேம்தானே? (ஈரோடு)

எந்தக் குழு என்பதைப் பொறுத்தது. தெருக் குழுவில் தண்ணீர் லாரி வரும் நேரம் பூப்படங்களுக்கு அடியில் புதைந்துபோகிறது, அதனால் அங்கே வேண்டாம் என்று வைத்திருக்கிறோம். சொந்தக்காரர் குழுவில் நான் தடுப்பதில்லை. வெளிநாட்டில் இருக்கும் என் உறவுக்காரப் பெண் சொன்னாள்: "அப்பாவின் முருகன் படம் வந்துவிட்டால் அவர் எழுந்துவிட்டார் என்று எனக்குத் தெரியும்."

இட்லி மாவு, டியூஷன், ரவிக்கை தைப்பது என்று உறுப்பினர்களே விளம்பரம் போடுகிறார்கள். (மேடவாக்கம்)

அவர்கள் நம் அண்டை வீட்டார். எங்கள் குழுவில் சனிக்கிழமை முழுவதும் அவர்களுக்குத்தான், ஆளுக்கு ஒரு செய்தி. மற்ற நாள்களில் அழித்துவிடுவேன்.

"பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் வந்துவிட்டார்கள்" என்று ஒரு குரல் பதிவு. பொய்யாக இருந்தாலும் எச்சரிக்கையாக இருப்பது நல்லதுதானே என்று விட்டுவிட்டேன். தவறா? (செய்யாறு)

தவறுதான். உங்கள் மாவட்டத்தில் நடந்ததையே நினைவுபடுத்துகிறேன். 2018 மே மாதம், போளூர் அருகே கோவிலுக்குப் போன ஒரு குடும்பம் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வதந்தி ஏற்கெனவே கைபேசிகளில் சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டம் கூடி அடித்ததில் 65 வயதுப் பெண்மணி இறந்துபோனார். அந்த வதந்தியை அனுப்பிய ஒவ்வொருவரும் "எச்சரிக்கையாக இருப்பது நல்லதுதானே" என்றுதான் அனுப்பியிருப்பார்கள். அந்த ஆண்டு நாட்டின் பல இடங்களில் இப்படி உயிர்கள் போன பிறகுதான், 2018 ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது.

செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது ஏற்கெனவே பல கை மாறி வந்தது என்று பொருள். அதைக் குழுவில் வைத்துக்கொண்டு விவாதிக்க வேண்டாம். அழியுங்கள். அழித்ததோடு நிற்காமல் காவல் நிலையத்துக்கு அழைத்துக் கேளுங்கள். "இத்தனை மணிக்குக் கேட்டேன், அப்படி ஒரு புகார் இல்லை என்றார்கள்" என்று எழுதுங்கள். காரணம் சொல்லாமல் அழித்தால், எதையோ மறைக்கிறார்கள் என்று அதே பதிவு வேறு வழியில் திரும்பி வரும்.

குழுவில் யாரோ தவறாக எழுதினால் அட்மினைக் கைது செய்வார்களாமே? பயமாக இருக்கிறது. (மதுரை)

மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2021 மார்ச்சிலும், கேரள உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியிலும், உறுப்பினர் போட்ட பதிவுக்கு, அட்மினாக இருக்கிறார் என்பதற்காக மட்டும் ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்றன. உங்கள் மதுரைக் கிளையும் 2021 டிசம்பரில், ஒருவர் அட்மினாக மட்டுமே இருந்தார், வேறெதுவும் செய்யவில்லை என்றால் காவல்துறையின் இறுதி அறிக்கையில் அவர் பெயரை நீக்க வேண்டும் என்றது. அவரும் சேர்ந்து திட்டமிட்டார், தூண்டினார் என்றால் கதை வேறு.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தீர்ப்புகள் வந்த காலத்தில், பிறர் செய்தியை அட்மின் அழிக்கும் வசதி பரவலாக இல்லை. அது 2022-இன் பிற்பகுதியில்தான் எல்லோருக்கும் வந்தது. சட்டம் என்னைத் தண்டிக்காது என்பதற்காக, அழிக்கும் பொத்தான் கையில் இருந்தும் ஒரு சாதியை இழிவாகப் பேசும் செய்தியைப் பார்த்துக்கொண்டு இருக்க எனக்கு மனம் வராது.

நான் எதை நீக்கினாலும் "நீ அந்தக் கட்சிக்காரன்" என்கிறார்கள். (திருச்சி)

விதிகளை ஐந்து வரிக்குள் எழுதிக் குழு விவரத்தில் வையுங்கள். முதலில் உங்கள் சொந்த ஆளிடமே அந்த விதியைச் செயல்படுத்திக் காட்டுங்கள். நான் முதலில் அழித்தது என் கொழுந்தனார் போட்ட மனை விற்பனை விளம்பரத்தை. அவர் இரண்டு மாதம் என்னிடம் சரியாகப் பேசவில்லை, வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அதன்பிறகு குழுவில் யாரும் என்னைப் பாரபட்சம் என்று சொல்லவில்லை. இன்னோர் அட்மினாக உங்கள் கருத்துக்கு எதிர்க்கருத்து உள்ள ஒருவரை வையுங்கள். இரவில் சண்டை முற்றினால், காலை வரை அட்மின்கள் மட்டுமே செய்தி அனுப்பும்படி மாற்றிவிடுங்கள். காலையில் பாதிப் பேர் தாங்கள் எழுதியதைத் தாங்களே அழித்திருப்பார்கள்.

ஸ்பேமுக்குத் தமிழ்ச் சொல் உண்டா? (கோவை)

எரிதம் என்ற சொல் இணையத் தமிழில் புழங்குகிறது. தொல்லை மட்டும் பழையது: 1978 மே மாதம் அமெரிக்காவில் ஒரு கணினி நிறுவன ஊழியர் இணையத்தின் முன்னோடி வலையமைப்பான அர்பாநெட்டில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்கு அனுப்பிய விற்பனை அஞ்சலைத்தான் முதல் ஸ்பேம் என்கிறார்கள்.

அம்மா, குழுவில் என் எண்ணைப் பார்த்துவிட்டு ஓர் ஆள் இரவில் தனியாகச் செய்தி அனுப்புகிறார். அட்மினிடம் சொன்னால் "பிளாக் செய்துவிடு" என்கிறார். (பெயர், ஊர் வேண்டாம்)

உங்கள் அட்மின் செய்தது பெரும் தவறு மகளே. பிளாக் செய்வது உங்களுக்கு மட்டும் கதவடைக்கும். அந்த ஆள் அடுத்த பெண்ணின் எண்ணுக்குப் போவார். செய்திகளை எண் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், எதையும் அழிக்காதீர்கள். மிரட்டலோ ஆபாசமோ இருந்தால் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிவு செய்யலாம். பெண்களுக்கான 181 உதவி எண்ணிலும் பேசலாம்.

இதைப் படிக்கும் அட்மின்களுக்கு: இப்படி ஒரு புகார் வந்தால் குழுவில் பஞ்சாயத்து வைக்காதீர்கள். அந்த ஆளை அன்றே நீக்குங்கள். புகார் சொன்ன பெண்ணின் பெயர் உங்களைத் தாண்டி இன்னோர் அட்மினுக்குக்கூடத் தெரிய வேண்டியதில்லை. பிறகு குழுவில் உள்ள மற்றப் பெண்களிடம் ஒவ்வொருவராகத் தனியே கேளுங்கள். எங்கள் குழுவில் அப்படிக் கேட்டபோது இன்னும் நான்கு பேர் இருந்தார்கள்.