வரி கேள்வி-பதில்: பெங்களூரில் வேலை, யாழ்ப்பாணத்தில் வீடு

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இலங்கைக் குடிமகள். முதன்முறையாக இந்தியா வந்து, 2025 அக்டோபர் 10 முதல் பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் பணிபுரிகிறேன். அலுவலகமே சம்பளத்தில் வரி பிடித்துவிடுகிறது. ஊரில் வீட்டு வாடகையும் வருகிறது. நான் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டுமா?

பதில்: குடியுரிமை எதுவானாலும், இந்தியாவில் செய்த வேலைக்கான சம்பளம் இங்கே வரிக்கு உட்பட்டது, புதிய வரி முறையில் வரிக்குரிய வருமானம் 4 லட்சம் ரூபாயைத் தாண்டினால், டிடிஎஸ் (சம்பளத்திலேயே பிடிக்கும் வரி) பிடித்திருந்தாலும் கணக்குத் தாக்கல் கட்டாயம்.

அடுத்து, உங்கள் கடவுச்சீட்டில் உள்ள முத்திரையைப் பாருங்கள். அக்டோபர் 10 முதல் மார்ச் 31 வரை, இடையில் ஊருக்கே போகாமல் இருந்திருந்தாலும், 173 நாட்கள்தான் ஆகின்றன. முதன்முறையாக வந்த ஒருவர் 'வசிப்பவர்' ஆகத் தேவையான 182 நாட்களுக்கு ஒன்பது குறைவதால், 2025-26 நிதியாண்டில் நீங்கள் சட்டப்படி 'இந்தியாவில் வசிப்பவர் அல்லாதவர்'. ஆகவே இலங்கையில் பெறும் வாடகைக்கு இங்கே வரியில்லை. ஆனால், 12 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்கு வரியே இல்லாமல் செய்கிற 87ஏ பிரிவுத் தள்ளுபடி வசிப்பவர்களுக்கு மட்டுமே என்பதால், அது உங்களுக்குக் கிடையாது. உடன் பணிபுரியும் உள்ளூர்த் தோழியின் கணக்கைப் பார்த்து நீங்கள் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன். எளிய ஐடிஆர்-1 படிவமும் உங்களுக்குப் பொருந்தாது. பான் எண்ணையும், அலுவலகம் தரும் வரிப்பிடித்தச் சான்றான படிவம் 16ஐயும் கையில் வைத்துக்கொண்டு, ஐடிஆர்-2 படிவத்தை 2026 ஜூலை 31க்குள் தாக்கல் செய்யுங்கள்.