கொல்லுப்பட்டறையில் சொல்லி அடித்த கத்தி: கையில் வாங்கியதும் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: கைவேலையாக அடித்த, மடக்காத கத்தி ஒன்றைச் சமீபத்தில் வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? முதல் பார்வையில் எப்படி இருந்தது? கடைக் கத்தியைவிட உண்மையிலேயே மேலா, இல்லை வெறும் ஆசைதானா?

என் பதில்: மேல்தான். ஆனால் கையில் வாங்கிய அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். பட்டறைக் கத்தியில் எல்லோரும் முதலில் பார்ப்பது இரண்டு: மேலே தெரியும் சுத்தியல் தழும்பு, நகத்தில் வைத்துப் பார்க்கும் கூர். தழும்பு வெட்டும் வேலைக்குக் குறுக்கே வராது. கூர் கல்லில் பத்து நிமிடம் தேய்த்தால் வருவது, நாலு நாள் வேலையில் போவது. நான் பார்க்கச் சொல்வது வாய்க்கு, அதாவது வெட்டும் விளிம்புக்குச் சற்று மேலே இரும்பு எவ்வளவு தடிமனாக இருக்கிறது என்பதை. கத்தி நல்லதா இல்லையா என்பதில் பாதி அங்கேயே முடிவாகிவிடுகிறது.

நான் திருவையாறு பக்கம். கொஞ்சம் வாழை, வீட்டுக் கொல்லையில் தென்னை, முருங்கை. கொல்லையில் இலை அறுக்கவும், அதையே கழுவிக்கொண்டு வந்து அடுப்படியில் காய் நறுக்கவும் ஒரே கத்தியாக வேண்டும் என்று நீடாமங்கலம் பக்கம் ஒரு பட்டறையில் சொல்லியிருந்தேன். அலகு ஏழு அங்குலம், முதுகு 4 மில்லிமீட்டர், பூவரசுப் பிடி, பித்தளைப் பூண். அடுப்படித் தராசில் வைத்தால் 260 கிராம். விலை 700 ரூபாய். பெரிய கடைகளில் இந்தக் காசுக்குப் பளபளவென்று எவர்சில்வர் கத்தி ஒன்று அட்டைப் பெட்டியோடு கிடைக்கும். ஆசாரி எனக்குப் பழைய தினசரியில் சுற்றிக் கொடுத்தார்.

இரும்பு எங்கிருந்து வருகிறது என்று பலர் கேட்கிறார்கள். நம் டெல்டா முழுக்க ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல். இங்கே இரும்புத் தாதும் கிடையாது, கத்தி தீட்டும் கல்லும் கிடையாது. பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. இன்றைக்குப் பட்டறைக்கு இரும்பு பழைய லாரியிலிருந்து வருகிறது. லாரியின் அடியில் அடுக்கடுக்காக இருக்குமே, அந்த ஸ்பிரிங் பட்டை. அதில் கார்பன் சுமார் 0.6 சதவீதம் இருக்கும். கூடவே ரகத்துக்கு ஏற்ப மாங்கனீசு, சிலிக்கான், குரோமியம். ஜன்னல் கம்பிக்குப் போடும் சாதா இரும்பில் கார்பன் கால் சதவீதத்துக்கும் கீழே. அதை எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் கத்திக்கு வேண்டிய கடினம் வராது. ஆகவே கத்தி சொல்லும்போது முதல் கேள்வி, "ஆசாரி, எந்தப் பட்டையில் அடிக்கிறீங்க?" என்பதாக இருக்கட்டும். பழைய பட்டையில் ஒரு சிக்கல் உண்டு. வருடக்கணக்கில் பாரம் தாங்கியதால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே இருக்கலாம். என் ஆசாரி நடுவில் போல்ட் துளை இருந்த பகுதியைச் சேர்த்துக்கொள்ளவில்லை. "அங்கேதான் தம்பி ஒடியும்" என்றார்.

அப்புறம் தோய்ச்சல், அதாவது காய்ச்சிய இரும்பைச் சட்டென்று குளிர வைத்துக் கடினமாக்குவது. பட்டறை ஏன் எப்போதும் இருட்டாகவே இருக்கிறது என்று சின்ன வயதில் யோசித்திருக்கிறேன். காய்ந்த இரும்பின் நிறம் வெயிலில் சரியாகத் தெரியாது, அதனால் கீற்றைத் தாழ இறக்கி இருட்டாக வைத்துக்கொள்கிறார்கள். இரும்பு 770 டிகிரியைத் தாண்டினால் காந்தம் ஒட்டாது. வெளிநாட்டில் கத்தி அடிப்பவர்கள் பலர் காந்தத்தை வைத்துத்தான் சூட்டைக் கணிக்கிறார்கள். என் ஆசாரிக்குக் காந்தமும் தேவைப்படவில்லை. துருத்திக்குப் பதில் வந்திருக்கும் சின்ன மின்விசிறியை நிறுத்தி நிறுத்திப் போட்டு நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பதம் வந்ததும் வாய்ப்பக்கம் மட்டும் எண்ணெயில் முங்கும்படி இறக்கினார். தண்ணீரில் ஏன் இல்லை என்றால், இந்த ரக இரும்பு தண்ணீரில் சட்டென்று குளிர்ந்தால் விரிசல் விட வாய்ப்பு அதிகம்.

அதற்கடுத்த வேலைதான் நின்று பார்க்க வேண்டியது. எண்ணெயிலிருந்து எடுத்த கையோடு செங்கல் துண்டால் வாய்ப்பக்கத்தைத் தேய்த்து வெள்ளையாக்கினார். முதுகில் மிச்சமிருந்த சூடு மெல்லக் கீழே இறங்க, அந்த வெள்ளையில் நிறம் ஏறத் தொடங்கியது. முதலில் வெளிர் மஞ்சள், பிறகு வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா, கடைசியில் நீலம். வைக்கோல் நிறம் என்றால் சுமார் 230 டிகிரி, நீலம் என்றால் 300-ஐ ஒட்டி. நிறம் மேலே போகப் போகக் கடினம் குறையும், ஒடியாத தன்மை கூடும். "அரிவாளுன்னா ஊதா வரைக்கும் விடுவேன். மட்டையில அடிச்சா தெறிக்கக் கூடாதுல்ல? கறிகாய்க் கத்திக்கு வைக்கோல்லயே நிறுத்திடணும் தம்பி" என்று சொல்லிக்கொண்டே மறுபடி எண்ணெயில் போட்டார். நீங்கள் போகும் இடத்திலும் என்ன வேலைக்கு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பெரும்பாலும் அரிவாள் பதத்தில்தான் கிடைக்கும், ஏனென்றால் அவர்களுடைய கை பழகியது அதற்கு.

சரி, கத்தி கைக்கு வந்தாயிற்று. நான் செய்த முதல் வேலை, முதுகை மேலே வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தது. நுனிக்கு அருகே ஒரு மயிரிழை வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. வேலைக்கு அது தடையில்லை, ஆனாலும் தெரிந்துவிட்டால் கண் அங்கேயே போகிறது. அடுத்து, பிடியை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு அலகை நகத்தால் சுண்டினேன். கணீரென்று கேட்டது. மொட்டையாகச் சத்தம் வந்தால் பிடிக்குள் இடைவெளி இருக்கலாம், இல்லையென்றால் எங்கோ விரிசல்.

கடினம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அரம் போதும். வாயை ஒட்டி லேசாக இழுத்தால் அரம் கடிக்காமல் வழுக்க வேண்டும். முதுகில் கடிக்க வேண்டும். என் கத்தியில் இரண்டும் நடந்தன. இன்னொரு சோதனை, பித்தளைக் கம்பியில் வாயைச் சாய்வாக வைத்து அழுத்தி நகர்த்துவது. உற்றுப் பார்த்தால் வாய் சற்று வளைந்து, கம்பியை விட்டதும் திரும்பி நிமிரும். வளைந்தபடி நின்றால் தோய்ச்சல் போதவில்லை, பொடிந்தால் அதிகம். பித்தளைக்குப் பஞ்சமில்லாத ஊர் நம்முடையது. நாச்சியார்கோயில் குத்துவிளக்குப் பட்டறைப் பக்கம் போனால் துண்டுக் கம்பி கேட்டே வாங்கலாம். என் கத்தி இதிலும் தேறியது.

தேறாதது காய் நறுக்குவதில்தான். வாழை இலை அறுத்தபோது அருமை. தண்டோடு சேர்த்து ஒரே இழுப்பில் வந்தது, இலை கிழியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் பூசணிக்காயில் வைத்தேன். பாதி வரை போய்ச் சிக்கிக்கொண்டது. அழுத்தினால் வெட்டுப்படாமல் பிளக்கிறது. காரட்டும் அப்படியே, கடைசிக் கால்பாகம் படக்கென்று உடைகிறது. வாழைத்தண்டை மெல்லிய வில்லையாகப் போடவே முடியவில்லை. அம்மா அரிவாள்மணையை எடுத்துப் போட்டுக்கொண்டு, "எழுநூறு ரூவாய்க்கு அரிவாளா வாங்கியாந்த?" என்றார்.

கூரில் குறையில்லை, முழங்கை மயிரைச் சிரைத்தது. தடிமன் அளக்கும் வெர்னியர் கருவியை வைத்துப் பார்த்தேன். வாயிலிருந்து 2 மில்லிமீட்டர் மேலே தடிமன் 1.5 மில்லிமீட்டர். அதே இடத்தில் வீட்டிலிருந்த கடைக் கத்தி அரை மில்லிமீட்டர்கூட இல்லை. கதை அவ்வளவுதான். இலை மெல்லியது, வெட்டியதும் விலகி வழிவிடும். பூசணி வழிவிடாது, கத்தியின் இரு பக்கத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வாய் எவ்வளவு கூராக இருந்தாலும் பின்னால் வரும் தடிமன் ஆப்பாக மாறிவிடும். அரிவாளுக்கு இந்தத் தடிமன் வேண்டும், மட்டையும் கட்டையும் அடிக்கிற சாமான் அது. அதே கையில் அடித்ததால் என் கத்தியும் குட்டி அரிவாளாகப் பிறந்திருந்தது.

திரும்பக் கொண்டுபோனேன். ஆசாரி கோபப்படவில்லை. கதிர் அறுக்க மிஷின் வந்த பிறகு அரிவாள் அடிக்கச் சொல்லி வருகிறவர்கள் குறைந்துவிட்டார்களாம், கத்தி கேட்டு வருகிறவர்கள் அதைவிடக் குறைவாம். யாராவது அளவு சொல்லிக் கேட்டால் அவருக்குச் சந்தோஷம்தான் போலிருக்கிறது. கிரைண்டரில் இரண்டு பக்கமும் இழைத்துக் கொடுத்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் முக்கி எடுத்தார். இது முக்கியம். சக்கரத்தில் ஓட்டும்போது வாய் நீலமாக மாறினால் அந்த இடத்தில் தோய்ச்சல் போயிற்று என்று அர்த்தம். தெருவில் வரும் சாணைக்காரரிடம் இப்படிப்பட்ட கத்தியை நான் கொடுக்க மாட்டேன். அவருடைய காய்ந்த சக்கரத்தில் பறக்கும் பொறி பார்க்க அழகு, கத்திக்கு ஆகாது. ஹார்டுவேர் கடையில் இரண்டு பக்கம் கொண்ட தீட்டுக்கல் வாங்கி, தண்ணீர் விட்டு நீங்களே தீட்டிக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு 20 டிகிரி சாய்வு இரண்டு வேலைக்கும் ஒத்துவரும்.

இப்போது அதே இடத்தில் 0.8 மில்லிமீட்டர். பூசணி வெட்டுகிறது. தண்டு வில்லை வருகிறது, கடைக் கத்தி அளவுக்கு மெல்லிசாக இல்லை, அதற்காக இதை இன்னும் இழைக்கவும் எனக்கு மனமில்லை, கொல்லையில் தாங்காது. இளநீர் சீவ இது உதவாது, அதற்குக் கனம் வேண்டும். மீனுக்கு அரிவாள்மணைக்கு ஈடே கிடையாது, இரண்டு கையாலும் மீனைப் பிடித்துக்கொள்ளலாம்.

எவர்சில்வர் பழகியவர்கள் முதல் வாரத்திலேயே பதறும் விஷயம் ஒன்று உண்டு. வாழைக்காய் நறுக்கினால் காயும் கறுக்கும், கத்தியும் கறுக்கும். காயிலுள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் வருகிற கறுப்பு அது. வெட்டிய காயை மோர்த் தண்ணீரில் போடும் பழக்கம் நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது, அது போதும். கத்தியைத் தேய்த்துத் தேய்த்து வெள்ளையாக்க வேண்டாம். அந்தச் சாம்பல் படலம் ஏற ஏறக் காய் கறுப்பது குறையும், துருவும் சுலபமாகப் பிடிக்காது. புளி போட்டுத் துலக்கினால் படலம் போய்விடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். சிவப்பாக வருவதுதான் துரு, அதை விடக் கூடாது. கழுவியதும் துடைத்து ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

பிடியைப் பற்றிச் சுருக்கமாக. அலகின் வாலைக் காய்ச்சிப் பூவரசில் இறக்கி அரக்கு ஊற்றியிருக்கிறார். ஆட்டமில்லை. பூண் விளிம்பு கையைக் கொஞ்சம் உறுத்தியது, உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டேன். பிடியோடு தண்ணீரில் ஊறப்போடாதீர்கள், வெந்நீரில் அறவே வேண்டாம், அரக்கு இளகிவிடும். உறை தரமாட்டார்கள். போர்வெல் போட்டு மிஞ்சிய பி.வி.சி. குழாயைக் கொதிநீரில் இளக்கிப் பலகையால் தட்டையாக்கினால் நல்ல உறையாகும். ஈரம் உறிஞ்சாது என்பதால் தோல் உறையைவிட நம் ஊருக்கு இதுவே மேல்.

பட்டறையில் பெயர், ஊர், போன் எண் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்கள். கத்தி, அரிவாள் வாங்குகிறவர் விவரத்தை வைத்திருக்கச் சொல்லிப் போலீஸ் சொல்லியிருக்கிறது, சங்கடப்படாமல் கொடுங்கள். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள்படி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுதப் பட்டியலில் வருகிறது. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. விலக்கு இருக்கிறதே என்று இடுப்பில் செருகிக்கொண்டு கும்பகோணம் பஸ்ஸில் ஏறாதீர்கள். சுற்றிக் கட்டி, பையின் அடியில் வைத்துக் கொண்டுபோங்கள்.

சொல்லி அடிக்கப் போகிறவர்கள் அளவை வாயால் சொல்லாமல் அட்டையில் கத்தி வடிவத்தை வெட்டிக்கொண்டு போங்கள். "வாய்க்கு மேல மெல்லிசா இழைச்சுடுங்க, காய் நறுக்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் இரண்டாவது நடை மிச்சம். அமாவாசையன்று போக வேண்டாம், நான் போகும் பட்டறை அன்றைக்கு அடைப்பு.