சட்டம் கேளுங்கள்: ஒத்துக்கொண்டால் வீட்டுக்கு விட்டுவிடுவார்களா?

கேள்வி: என் 19 வயது மகன் மீது செம்பனைக் குலை திருடியதாக மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 379ஆவது பிரிவில் வழக்கு. "முதல் நாளே ஒத்துக்கொண்டால் அபராதத்தோடு வீட்டுக்கு வந்துவிடலாம்" என்கிறார்கள் தோட்டத்தில். செய்யலாமா?
– ஒரு தாயார், சுங்கை சிப்புட்

பதில்: அவசரப்படாதீர்கள், அம்மா. தண்டனை மாஜிஸ்திரேட்டின் கையில் இருக்கிறது. வேறு யார் கொடுத்த வாக்கும் அவரைக் கட்டுப்படுத்தாது. 379க்கு 7 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் உண்டு. 'வெறும் குலைதானே' என்ற பேச்சு அங்கே எடுபடாது.

குற்றச்சாட்டை வாசித்துவிட்டு, "புரிகிறதா?" என்று கேட்பார்கள். பையன்கள் பயத்தில் தலையாட்டிவிடுவது இங்கேதான். மலாய் சரியாகப் புரியாவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அவனே வாய்விட்டுக் கேட்கட்டும். வழக்கறிஞர் இல்லையென்றால், வைத்துக்கொள்ள அவகாசம் கேட்கலாம். இலவச உதவிக்குத் தேசிய சட்ட உதவி அறவாரியத்தை நாடுங்கள்.

ஒத்துக்கொண்டால் அடுத்து வழக்கின் விவரத்தை வாசிப்பார்கள். அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அவன் தூக்கியது 4 குலை, தாளில் 40 என்றிருந்தால் உடனே மறுக்க வேண்டும். "நான் லாரியில் சும்மா உட்கார்ந்திருந்தேன்" என்று அவன் சொன்னால் அது ஒப்புதலே ஆகாது. மாஜிஸ்திரேட் வழக்கை விசாரணைக்கு அனுப்ப வேண்டும். ஆனால் ஒப்புதல் பதிவாகித் தண்டனையும் விழுந்துவிட்டால், மேல்முறையீடு தண்டனையைப் பற்றி மட்டும்தான். அதற்கும் 14 நாளுக்குள் அறிவிப்புக் கொடுத்தாக வேண்டும்.

உண்மையிலேயே செய்திருந்தால், தண்டனையைக் குறைக்கச் சொல்லும் முறையீட்டில் முதல் குற்றம், வேலை, குலை திரும்பக் கிடைத்தது எல்லாவற்றையும் சொல்லலாம். 18 முதல் 21 வயதுக்குள் இருப்பவர்களுக்கு நன்னடத்தைப் பிணையில், அதாவது ஒழுங்காக நடப்பேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு, விடும் வழியும் உண்டு. அதை மீறினால் மறுபடி கூண்டில் நிற்க வேண்டும்.

குற்றத்தை மறுத்தால் ஜாமின் கேளுங்கள். 379இல் அது உரிமையல்ல, மாஜிஸ்திரேட் மனம் வைத்தால் கிடைக்கும். ஜாமின் நிற்பவர் மைகார்டும் (அடையாள அட்டை) பணமும் கொண்டுவர வேண்டும். வழக்கு முடியும்வரை அந்தப் பணத்தைத் தொட முடியாது. பையன் தேதிக்கு வராவிட்டால் பணம் பறிபோகலாம். கூலிக்கு ஆள் பிடிக்காதீர்கள்.

கேள்வி: தம்பியை 4 நாள் ரிமாண்டில் (போலீஸ் விசாரணைக் காவலில்) வைத்துவிட்டு, மேலும் 3 நாள் கேட்டார்கள். முறைதானா?
– வாசகர், பீடோர்

பதில்: முறைதான். 14 ஆண்டுக்குக் குறைந்த சிறையுள்ள குற்றங்களுக்கு 4 நாள் வரை, பிறகு 3 நாள் வரை. 14 ஆண்டோ அதற்கு மேலோ உள்ளவைக்கு 7 நாள் வரை, பிறகு 7 நாள் வரை. ஆனால் பயண நேரம் போகக் கைதான 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியிருக்க வேண்டும். உள்ளே கழிந்த நாள் தண்டனையில் தானாகக் கழியாது. சிறைத் தண்டனை கிடைத்தால், கைதான தேதியிலிருந்து கணக்கிடச் சொல்லி அங்கேயே கேட்டுவிடுங்கள்.