காபன் படிப்புக்காகக் காணி விற்க வேண்டாம்

திருகோணமலை உவர்மலையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகனுக்குப் பொறியியல் பீடத்துக்கு உயர்தரப் பரீட்சை இசட் புள்ளி போதாமல் போனது பெரிய கவலைதான். ஆனால் நோர்வேயின் பேர்கன் நகரில் இருக்கும் உங்கள் தம்பி சொல்வதைக் கேட்டு நிலாவெளிக் காணியை விற்று, காபன் பிடிப்புத் தொழில்நுட்பம், அதாவது ஆலைப் புகையிலிருந்து காபனீரொட்சைட்டைப் பிரித்தெடுக்கும் வித்தை, படிக்கப் பிள்ளையை நோர்வேக்கு அனுப்பும் யோசனைக்கு நான் உடன்பட மாட்டேன்.

தம்பி சொல்வது அவர் இருக்கும் நாட்டுக்குச் சரி. அங்கே காபனீரொட்சைட்டை வெளியேற்றினால் கட்ட வேண்டிய காபன் வரி 1991இலேயே வந்துவிட்டது. 1996 முதல் கடலடிப் பாறைக்குள் காபனீரொட்சைட்டைச் செலுத்துகிறார்கள். பிரேவிக் சீமெந்து ஆலையில் ஆண்டுக்கு 4 இலட்சம் தொன் பிடிக்கும் தொகுதி 2025இல் திறக்கப்பட்டது. அரசு பெரும் பணம் போட்டதால் வந்த தொகுதி அது. அமெரிக்காவில் ஆலைகளில் பிடிக்கும் தொன்னுக்கு 85 டொலர் வரை வரிச்சலுகை. அபுதாபி உருக்காலையில் பிடிப்பது எண்ணெயை வெளியே தள்ள எண்ணெய்க் கிணறுகளுக்குப் போகிறது. தூத்துக்குடியில் பிடித்த வாயுவிலிருந்து சோடா உப்புச் செய்தார்கள். வரியோ, சலுகையோ, வாங்க ஆளோ இருக்கும் இடத்தில்தான் இந்தத் தொழில் நிற்கிறது.

திருகோணமலையில் அப்படி எதுவும் இல்லை. சீமெந்தில் பெரும்பங்கு காபன் வெளியேறுவது சுண்ணாம்புக்கல்லைச் சுடும் சூளையில். இங்குள்ள சீனக்குடா ஆலையில் ஏற்கெனவே சுட்டு இறக்குமதியாகும் கட்டியை, கிளிங்கரை, அரைக்கிறார்கள், சூளையே கிடையாது. சம்பூர் நிலக்கரி மின்நிலையமும் 2016இல் கைவிடப்பட்டது. நோர்வேயில் இலவசமாகப் படித்த காலமும் போய்விட்டது. 2023 முதல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து போகும் மாணவர்கள் கட்டணம் கட்ட வேண்டும். அங்கே விசாவும் வேலையும் கிடைக்காவிட்டால் பிள்ளை கடனோடு திரும்பி வருவான்.

லீவு நாளெல்லாம் ஐஸ் கொம்பனியில் கன்ட்ரோல் போர்டைக் கழற்றிக்கொண்டு நிற்கிறான் என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். அவனுக்குப் பொருந்துவது கருவியியல், அதாவது ஆலையின் மானிகளைப் பார்த்துக்கொள்ளும் இன்ஸ்ட்ருமென்டேஷன்.

காபன் பிடிக்கும் கோபுரத்தில் அமீன் என்ற இரசாயனத்தின் கரைசல் 40 பாகை செல்சியஸ் அளவில் வாயுவை உறிஞ்சும், 120 பாகை அளவில் விடும். சூடு கூடினால் கரைசல் கெடும். குறைந்தால் வாயு பிரியாது. அதைக் காவல் காப்பவை வெப்ப, அமுக்க, பாய்ச்சல் மானிகள். அவை 4 முதல் 20 மில்லி அம்பியர் வரை சமிக்ஞை அனுப்பும். வாசிப்புப் பூச்சியமானாலும் 4 வரும். ஆகவே 0 வந்தால் கம்பி அறுந்திருக்கிறது என்று அந்த இடத்திலேயே தெரியும். மானி சொல்வது உண்மையா என்று சரிபார்த்துச் சீர்செய்யத் தெரிந்தவன் பிரேவிக்கிலும் தேவைப்படுவான், சீனக்குடா மாவாலையிலும், கெரவலப்பிட்டி மின்நிலையத்திலும் தேவைப்படுவான்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் அரச நிறுவனம். அங்கே மின், இயந்திரத் துறைகளில் என்.வீ.கியூ. எனும் தேசிய தொழில் தகைமை எடுக்கலாம். ஆறாம் மட்டத்துக்குப் பிறகு ஏழாம் மட்டம் பட்டம். இரத்மலானையில் அதற்கெனவே பல்கலைக்கழகம் இருக்கிறது. இடையில் அரச தொழில் பயிலுநர் அமைப்பான நைற்றா மூலம் ஆலையொன்றில் தொழில் பழகட்டும். “டெக்னிக்கலுக்கா போகிறான்” என்று சொந்தக்காரர் கேட்பார்கள். கேட்கட்டும். கட்டணத்தை அவர்கள் கட்டப் போவதில்லை.

அடுத்த அனுமதி அறிவித்தல் வந்ததும் விண்ணப்பத்தை அவனே நிரப்பட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். தம்பியுடன் நான் பேசுகிறேன். உதவ விரும்பினால் கிளிநொச்சியில் தங்கும் செலவையும் ஒரு நல்ல மல்டிமீட்டரையும் அவர் பொறுப்பேற்கலாம்.