வேகமாக வளரும் ஆய்வு நிறுவனத்தில் சேரலாமா? டர்பனிலிருந்து ஒரு பதில்

திருச்சியிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வரவிருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: மருந்து நிறுவனங்களுக்காக ஒப்பந்தத்தின் பேரில் மனிதர்களிடம் மருந்துச் சோதனை நடத்தித் தரும், ஓரிரு ஆண்டுகளில் மளமளவென்று பெருகிவிட்ட ஒரு தனியார் ஆய்வு நிறுவனம் வேலை தருகிறது, சேரலாமா, அல்லது பல்கலைக்கழகம் சார்ந்த பழைய ஆய்வு நிலையத்தில் இடம் கிடைக்கும் வரை பொறுத்திருக்கலாமா?

அன்புள்ள தம்பி, இதே துறையில் இங்கு நெடுங்காலமாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், சேருங்கள். ஆனால் கையெழுத்திடுவதற்கு முன் சிலவற்றைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

எச்.ஐ.வி.யும் காசநோயும் ஒருசேர வாட்டுகிற மாகாணம் என்பதால்தான் குவாசூலு-நட்டாலுக்கு இத்தனை ஆய்வுகள் வருகின்றன. டெனோஃபோவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து கலந்த ஜெல் பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை 39 விழுக்காடு குறைத்ததாக 2010-இல் அறிவித்த காப்ரிசா ஆய்வு நிலையம் இந்த ஊரில்தான் இருக்கிறது. இத்தகைய ஊரில், வளர்ந்துவரும் நிறுவனத்தில் சேருகிறவருக்குக் கிடைக்கும் பெரிய ஆதாயம், ஒரு சோதனையைத் தொடக்கம் முதல் முடிவு வரை கண்ணால் காண்பது. பெரிய நிலையத்தில் ஒரே மேசையில் ஒரே படிவத்தைப் பல ஆண்டுகள் சரிபார்த்துக்கொண்டிருக்க நேரலாம். இங்கோ ஆள் போதாமையால், நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் விண்ணப்பம், மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சாப்ராவுக்கான கோப்பு, பங்கேற்பாளரிடம் ஒப்புதல் பெறுவது என எல்லாமே உங்கள் கைக்கு வந்து சேரும். அப்படிக் கற்றது எந்த நாட்டிலும் செல்லும்.

கெடுதலும் அதே வேகத்திலிருந்துதான் பிறக்கிறது. நேற்றுச் சேர்ந்தவர் இன்று சேருகிறவருக்குப் பயிற்சி தருவார். நோயாளியின் தாளில் இரத்த அழுத்தத்தைத் தவறாக எழுதிவிட்டால், ஒற்றைக் கோடிட்டு அடித்து, பழைய எண் தெரியும்படி விட்டு, பக்கத்தில் சரியான எண்ணையும் சுருக்கொப்பத்தையும் தேதியையும் இட வேண்டும். வெள்ளை மை பூசக் கூடாது. இந்தச் சின்ன ஒழுங்கைச் சொல்லித்தர ஆளில்லாத இடத்தில், கண்காணிப்பாளர் வந்து கோப்பைப் புரட்டும் நாளில் பல மாத உழைப்பு கேள்விக்குள்ளாகும். இரத்த மாதிரிகளை மைனஸ் 80 டிகிரியில் வைக்கும் உறைபெட்டிக்கும் இதே கதைதான். மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் தானாக ஓடுமா, இரவில் எச்சரிக்கை யார் கைபேசிக்குப் போகும் என்று நேர்காணலிலேயே கேளுங்கள். அதற்கு அவர்கள் சொல்லும் பதில் நிறுவனத்தின் தரத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வேலை நேரத்தைப் பற்றி ஒரு சொல்: சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம் என்றாலும், அமைச்சர் அறிவிக்கும் வருமான வரம்புக்கு மேல் சம்பளம் வாங்குபவருக்கு அந்தக் கட்டுப்பாடு பொருந்தாது. ஆகவே ஓவர்டைம் பற்றி ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது விசா. வேலை விசா அந்த நிறுவனத்தின் பெயரோடு பிணைந்திருக்கும். வேறிடம் மாற வேண்டுமானால் உள்துறையிடம் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். உள்ளூர்க்காரருக்கு ஆட்குறைப்பு என்பது வருமான இழப்பு. நமக்கோ இந்நாட்டில் இருக்கும் உரிமையே ஆட்டம் காணும். சட்டம் தரும் குறைந்தபட்ச இழப்பீடு, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு வாரச் சம்பளம் மட்டுமே. நீக்கம் நியாயமற்றது என்று பட்டால் 30 நாட்களுக்குள் தொழில் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பான சி.சி.எம்.ஏ.விடம் முறையிடலாம், இந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள்.

அதற்காகப் பழைய நிலையம் பத்திரமானது என்று எண்ணிவிட வேண்டாம். 2025-இல் அமெரிக்க அரசின் நிதி நின்றபோது இங்கே பல ஆய்வுகள் பாதியில் நின்றன. பெரும் பெயர் பெற்ற பல்கலைக்கழகக் குழுக்களில் இருந்தவர்களும் வேலை இழந்தார்கள். அந்த நிலையங்களில் பல பணியிடங்கள் வெளிநாட்டு நிதி இருக்கும் வரைதான் இருக்கும் என்பதைப் பலர் அப்போதுதான் உணர்ந்தார்கள். எனவே, நிறுவனம் பழையதா புதியதா என்பதைக் காட்டிலும், பணம் எத்தனை இடங்களிலிருந்து வருகிறது, உங்கள் பதவி ஒரே ஒரு சோதனையின் ஒப்பந்தத்தில் தொங்குகிறதா என்பதையே விசாரியுங்கள். நேரடியாகக் கேட்பது மரியாதைக் குறைவு என்று தயங்காதீர்கள். இங்குள்ளவர்கள் அதை இயல்பாகவே எடுத்துக்கொள்வார்கள்.

வருவதற்கு முன்பே கொஞ்சம் சூலு மொழி பழகுங்கள். இங்குள்ள தமிழர்கள் 1860 முதல் வந்தவர்களின் வழித்தோன்றல்கள்; பெரும்பாலும் ஆங்கிலமே பேசுகிறார்கள், கோவிலில் உங்களை அன்போடு சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் ஆய்வுக்கு வரும் பெரும்பாலோர் சூலு பேசுகிறவர்கள், அவர்கள் மொழியில் வணக்கம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

நிதி, பயிற்சி, விசா ஆகிய மூன்றுக்கும் அவர்கள் எழுத்தில் பதில் தந்தால் உடனே ஒப்புக்கொள்ளுங்கள். தயங்கினால், ஊரிலுள்ள வேலையை அதுவரை விடாதீர்கள்.